காலை உணவில் காந்தம் ஒட்டுகிறது: இது சத்தா, இரும்புத் தூளா?

கடைசிப்பெஞ்சு எழுதியது:

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் வேலை கொடுத்திருந்தார்கள். "இரும்புச்சத்து சேர்க்கப்பட்டது" என்று பெட்டியில் போட்டிருக்கும் கார்ன்ஃபிளேக்ஸ் இரண்டு கிண்ணம் எடுத்து மிக்ஸியில் மாவாக அரைத்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, வெளிப்பக்கம் ஒரு பலமான காந்தத்தை வைத்துக் கட்டிவிட்டு அவ்வப்போது குலுக்கிக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் கழித்து பாட்டிலை மெல்லச் சாய்த்தால், காந்தம் இருந்த இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பூனை மீசை மாதிரி கறுப்பாகத் தூள் ஒட்டியிருக்கிறது. காந்தத்தை நகர்த்தினால் மீசையும் நகர்கிறது.

மகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. சத்து என்று பெயர் சொல்லிப் பட்டறைத் தூளை விற்கிறார்களா? கீரையில் இருக்கும் இரும்பு வேறு, ஆணியில் இருக்கும் இரும்பு வேறு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அமிலமழை எழுதியது:

உங்கள் கண்ணை நம்புங்கள், அது இரும்பேதான். உலோக இரும்பு. உணவுக்கென்று சுத்தமாகத் தயாரித்த மிக நுண்ணிய தூள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் உலோகமாகவே போடுகிறார்கள் என்றால், ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற உப்புகள் தண்ணீரில் நன்றாகக் கரையும், உடலும் நன்றாக உறிஞ்சும். ஆனால் மாவில் கலந்து மாதக்கணக்கில் பெட்டிக்குள் வைத்தால், மாவில் இருக்கும் கொழுப்பைக் காறவைத்துவிடும், நிறத்தையும் கெடுக்கும். உலோகத் தூள் அப்படியில்லை. ஈரம் படாதவரை ஓரமாகச் சும்மா கிடக்கும்.

வயிற்றுக்குள் போனதும் கதை மாறுகிறது. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறதே, அது இரும்பைக் கரைத்து ஃபெரஸ் அயனியாக்கிவிடும், அதாவது இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு அணு. கூடவே துளியூண்டு ஹைட்ரஜன் வாயு வரும். கரைந்த பிறகு அது கார்ன்ஃபிளேக்ஸிலிருந்து வந்ததா, மாத்திரையிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. தூள் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கரையும். கொஞ்சம் பெரிய துகள்களில் பாதி கரையாமலே வெளியே போய்விடும். எனவே பெட்டியில் போட்டிருக்கும் மில்லிகிராம் எல்லாம் ரத்தத்தில் ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சந்தேகப்புலி எழுதியது:

என்ன சொன்னாலும் இயற்கையாக வருவது இயற்கைதான். செடி மண்ணிலிருந்து எடுத்து உயிருள்ள இரும்பாக மாற்றித் தருகிறது. இது கெமிக்கல்.

இன்னொரு கேள்வி. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் ஏன் என் விரலில் காந்தம் ஒட்டவில்லை?

அமிலமழை எழுதியது:

புலியாரே, முதல் வாதம் பழசு, இரண்டாவது கேள்வி அருமை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆணி காந்தத்தில் ஒட்டுவதற்கு அதில் இரும்பு அணு இருப்பது மட்டும் போதாது. கோடானுகோடி அணுக்கள் அருகருகே அடுக்கப்பட்டு, எல்லாம் ஒரே திசையில் திரும்பி நிற்க வேண்டும். அதே ஆணியை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். இரும்பு இரும்பாகவேதான் இருக்கும், ஆனால் காந்தம் இழுக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் இருப்பதோ வெறும் நாலு இரும்பு அணு. அதுவும் ஒவ்வொன்றும் ஹீம் என்ற தனித்தனி வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவை கூட்டணி சேர வழியே இல்லை.

இன்னும் வேடிக்கை, ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெலிதாகத் தள்ளுகிறது, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினை மெலிதாக இழுக்கிறது. 1936-ல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் அளந்து காட்டிய விஷயம் இது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ரத்தத்தில் காந்தம் ஒட்ட வேண்டுமானால் அதை எரிக்க வேண்டும். 18-ம் நூற்றாண்டில் வின்சென்சோ மெங்கினி என்ற இத்தாலியர் ரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கி, அதிலிருந்து துகள்களைக் காந்தத்தால் எடுத்துக் காட்டினார்.

இனி 'உயிருள்ள இரும்பு'. இரும்பு அணு என்றால் உள்ளே 26 புரோட்டான். நட்சத்திரத்தில் வெந்தாலும் ஈரலில் இருந்தாலும் 26தான். அணுவுக்குப் பிறந்த இடம் ஞாபகம் இருக்காது. அது யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. இறைச்சியில் அது ஹீம் வளையத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, குடல் அந்த வளையத்தோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுமார் 15 முதல் 35 சதவீதம் வரை ஏறும். கீரை, பருப்பு, மாத்திரை, உங்கள் மீசைத் தூள் எல்லாம் ஹீம் இல்லாத இரும்பு. 2 முதல் 20 சதவீதம் வரை, கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஆகவே உங்கள் 'இயற்கை' கீரையும் அவருடைய 'கெமிக்கல்' தூளும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.

வார்ப்புக்காரன் எழுதியது:

முப்பது வருடம் ஃபவுண்டரியில் இருந்தவன். சத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, சட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சுத்த இரும்பு 1538 டிகிரியில் உருகும், அது மெத்தென்ற உலோகம். அதில் கரி இரண்டிலிருந்து நாலு சதவீதம் கலந்தால் 1150, 1200 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும். அதை மணல் அச்சில் ஊற்றினால் வார்ப்பிரும்புச் சட்டி. கெட்டியாக இருக்கும், ஆனால் கீழே போட்டால் உடையும். கரியை இரண்டு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தால் எஃகு, அதை அடித்து வளைக்கலாம். குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் சேர்த்தால் எவர்சில்வர்.

இரும்புச் சட்டியில் சமைத்தால் சத்து ஏறுமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ஏறும். ஆனால் எதைச் சமைக்கிறீர்கள் என்று பாருங்கள். தக்காளி மாதிரிப் புளிப்பும் தண்ணீரும் உள்ளதை நெடுநேரம் கொதிக்கவிட்டால் இரும்பு நிறைய இறங்கும். எண்ணெயில் சட்டென்று புரட்டி எடுப்பதில் அவ்வளவாக இறங்காது. புதுச் சட்டியில் அதிகம், பல வருடம் பழக்கிய சட்டியில் குறைவு. பழக்குவது என்றால் என்ன? சூட்டில் எண்ணெய் இறுகி, பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலமாக இரும்பின் மேல் பிடித்துக்கொள்வது. உணவு ஒட்டாமல் தடுக்கும் அதே படலம் இரும்பையும் வெளியே விடாது. எனாமல் பூசியதில் ஒன்றும் வராது, எவர்சில்வரிலும் சொல்லும்படி வராது.

இன்னொன்று. பட்டறையில் ஒருநாள் டீ போடப் பாத்திரம் இல்லை. புதிதாக வார்த்த சின்னச் சட்டி ஒன்றைக் கழுவி அதிலேயே டீத்தூள் போட்டுக் கொதிக்கவைத்தோம். பால் ஊற்றும் முன்பே பேனா மை மாதிரி கறுத்துவிட்டது. வாயில் வைத்தால் ஆணியை நக்கின ருசி. கொட்டிவிட்டோம். ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

அமிலமழை எழுதியது:

ஐயா, மை மாதிரி இல்லை, மையேதான்! இரும்பு உப்பும் மரப்பட்டை, காய்களின் துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்தால் கறுப்பாகும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அந்த மையைத் தொட்டுத்தான் எழுதினார்கள். டீயின் துவர்ப்பும் அதே ஜாதிப் பொருள்தான். நீங்கள் தெரியாமல் ஒரு சட்டி மை காய்ச்சியிருக்கிறீர்கள்.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

மருந்தாளுநர். வார்ப்புக்காரன் ஐயாவின் டீக் கதையை இனி கவுன்டரில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். "மாத்திரை போட்டதும் டீ குடிக்காதீர்கள்" என்று தினமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. அந்தச் சட்டியில் நடந்ததுதான் வயிற்றிலும் நடக்கிறது. டானின் இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டால் குடல் அதைத் தொட முடியாது. டீயோ காப்பியோ ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். பாலும் கால்சியம் மாத்திரையும் கூடவே வேண்டாம். கால்சியம் ஹீம் இரும்பையும் விட்டுவைப்பதில்லை.

நேர்மாறானது வைட்டமின் சி. சாப்பாட்டில் ஹீம் இல்லாத இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்து இருக்கும். குடலின் வாசல் ஃபெரஸுக்குத்தான் திறக்கும். வைட்டமின் சி ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை ஃபெரஸாக்குகிறது, மறுபடி வேறொன்றோடு ஒட்டாமல் கையைப் பிடித்துக்கொண்டும் போகிறது. பருப்பின் மேல் எலுமிச்சை பிழிவது வெறும் ருசிக்கு மட்டுமில்லை.

லேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் இரும்பு 65 மி.கி.தான், மற்றது சல்ஃபேட்டும் அதோடு சேர்ந்த தண்ணீரும். ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, குளுக்கோனேட்டில் சுமார் 12 சதவீதம். "எனக்கு 300, பக்கத்து வீட்டுக்காரிக்கு 200, அப்போ எனக்குத்தான் அதிகம்" என்று ஒப்பிடாதீர்கள். லேபிளில் எலிமென்டல் அயர்ன் (இரும்பின் எடை மட்டும்) என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு.

முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. இரும்பு என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. 10 கிலோ குழந்தை 60 மி.கி. மாத்திரை பத்து விழுங்கினால் அந்த அளவு வந்துவிடுகிறது. பளபளவென்று மிட்டாய் மாதிரி வேறு இருந்து தொலைக்கிறது.

ஐஸ்கட்டி எழுதியது:

என் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போன வருடம் முழுக்க ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துக் கடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று டிரே. நள்ளிரவில் எழுந்து நறநறவென்று கடிப்பேன், கணவர் பயந்துபோய் விளக்கைப் போடுவார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மருத்துவமனைக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஹீமோகுளோபின் 12.1. "நார்மல்மா, டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் போனது.

அப்புறம் வேறொரு மருத்துவர் ஐஸ் என்று சொன்ன உடனேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எடுக்கச் சொன்னார். வந்த எண் 6. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரமே ஐஸ் ஆசை விட்டுப்போனது, ஹீமோகுளோபின் அசையும் முன்பே! இப்போது ஐஸைப் பார்த்தால் பல் கூசுகிறது.

ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை போட்டு வயிறு புண்ணானது தனிக் கதை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போதும் என்று மாற்றினார்கள். குறைத்தால் எப்படி ஏறும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

ஐஸ்கட்டி, உங்களுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது. உடம்பு இரும்பை முதலில் சேமிப்பிலிருந்துதான் எடுக்கும். சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஹீமோகுளோபின் கையில் இருக்கும் காசு என்றால் ஃபெரிட்டின் பாங்கு புத்தகம். நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வைத்தது. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், அப்போது 70-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். சீட்டில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம்.

குறைத்தால் எப்படி ஏறும்? ஈரலில் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. வாட்ச்மேன் வேலை. இரும்பு நிறைய வந்தால் குடலின் கதவைச் சாத்திவிடும். 60 மி.கி. போல ஒரு வேளை விழுங்கினால் அன்று முழுக்க ஹெப்சிடின் ஏறி நிற்கிறது. மதியமும் இரவும் நீங்கள் போட்ட மாத்திரை சாத்திய கதவில்தான் போய் முட்டியிருக்கிறது. உள்ளே போகாத இரும்பு குடலிலேயே கிடந்து மலச்சிக்கல், எரிச்சல், கறுப்பு மலம். ஒருநாள் விட்டுக் கொடுத்தால் கதவு திறந்திருக்கும் நேரத்தில் போகிறது. இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களிடம் செய்த ஆய்வை 2017-ல் வெளியிட்டபோது இது தெளிவாகத் தெரிந்தது. கடுமையான ரத்த சோகையிலும் கர்ப்பத்திலும் கணக்கு வேறு, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சந்தேகப்புலி எழுதியது:

சரி, இயற்கை விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் கீரையில் இரும்பு அதிகம் என்பதே ஒரு விஞ்ஞானி புள்ளியைத் தப்பாக வைத்ததால் வந்த கட்டுக்கதையாமே? பத்து மடங்கு கூட்டி எழுதிவிட்டாராம்.

அமிலமழை எழுதியது:

அந்தக் கட்டுக்கதையே ஒரு கட்டுக்கதை! புள்ளி இடம் மாறிய தாளைத் தேடிப் போனவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, ஆய்விதழ்கள் வரை போய்விட்ட வதந்தி. கீரை பெரும்பாலும் தண்ணீர். காயவைத்து அளந்தால் எண் பத்து மடங்குக்கும் மேல் ஏறத்தான் செய்யும். உலர்ந்ததன் எண்ணைப் பச்சைக்குப் பொருத்தினால் தீர்ந்தது.

பச்சைப் பசலையில் 100 கிராமுக்குச் சுமார் 2.7 மி.கி. இரும்பு. எண் மோசமில்லை, ஆனால் அதனுடன் இருக்கும் பாலிஃபீனால் (டானின் மாதிரியான பொருள்கள்) போன்றவை விடுவதில்லை. மறுபடி அதே பாட்டுத்தான்: எவ்வளவு என்பதை விட யாரோடு.

வார்ப்புக்காரன் எழுதியது:

துருவைச் சாப்பிட்டால் சத்து வருமா என்று பேரன் கேட்கிறான். நான் திட்டி அனுப்பிவிட்டேன்.

அமிலமழை எழுதியது:

துரு ஃபெரிக் ஆக்சைடு, அதோடு தண்ணீர். லேசில் கரையாது, அதனால் கிட்டத்தட்ட பயனில்லை. திட்டியது சரிதான்.

இரவுப்பணி எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். ஒன்றை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரும்புச் சட்டி, இரும்பு மாத்திரை எல்லாம் சரி. ரத்த சோகை என்றாலே இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அலுமினியப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளை விட அவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. அந்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. கம்போடியாவில் மீன் வடிவ இரும்புக் கட்டியைக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைக்கும் யோசனை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் 2017-ல் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில் அதைப் பயன்படுத்திய பெண்களின் ஹீமோகுளோபின் ஏறவில்லை. மீனில் குறையில்லை. அங்கே பலருக்கு ரத்த சோகைக்குக் காரணம் பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு. இல்லாத குறையை எப்படி நிரப்புவது?

என் அப்பாவின் கதை இதன் மறுபக்கம். அவருக்கு இரும்பு நிஜமாகவே குறைந்திருந்தது. எட்டு மாதம் டானிக் கொடுத்தோம். ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஏன் இறங்குகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவரின் உடலில் மொத்தமே மூன்று நாலு கிராம் இரும்பு, ஒரு சின்ன ஆணி அளவு. பழைய சிவப்பணுக்களை உடைத்து தினமும் 20, 25 மி.கி. எடுத்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது உடம்பு. வெளியிலிருந்து தேவைப்படுவது ஒன்றிரண்டு மி.கி.தான். இவ்வளவு சிக்கனமான உடம்பில், மாதவிலக்கும் இல்லாத ஒரு அறுபது வயது ஆணுக்கு இரும்பு தீர்ந்துபோகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பெருங்குடலில் கட்டி. ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. இரும்பு டானிக்கால் மலம் எப்படியும் கறுப்பாகத்தானே போகும், அதனால் அதையும் கவனிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். வயதானவர்கள், ஆண்கள் யாருக்காவது இரும்பு குறைந்தால் காரணம் தெரியும்வரை விடாதீர்கள்.

கடைசிப்பெஞ்சு எழுதியது:

இரவுப்பணி, அப்பா தேறியது மகிழ்ச்சி. நாங்களும் அம்மாவுக்கு டானிக்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் குறைகிறது என்று நானும் கேட்டதில்லை. அடுத்த வாரமே காட்டுகிறேன்.

ஒரு சந்தேகம்: இப்படியே எல்லாவற்றிலும் இரும்பைச் சேர்த்துக்கொண்டே போனால் அதிகமாகாதா?

மாத்திரைப்பெட்டி எழுதியது:

பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டால் ஆகாது, வாட்ச்மேன் இருக்கிறார். ஹீமோகுரோமடோசிஸ் என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களுக்கு வாட்ச்மேன் தூங்குகிறார். உள்ளே வந்த அதிகப்படி இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது, ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தத்தை எடுத்துவிடுவது. ஒருமுறை 500 மி.லி. எடுத்தால் 200 முதல் 250 மி.கி. இரும்பு போகும். பரிசோதனை செய்யாமல் வருடக்கணக்கில் மாத்திரை போடாதீர்கள் என்பது இதற்காகவும்தான்.

கடைசிப்பெஞ்சு எழுதியது:

மகளின் வேலை முடிந்தது, சொல்லிவிடுகிறேன்.

வார்ப்புக்காரன் ஐயாவின் மையை வீட்டில் காய்ச்சினோம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு துண்டு (துருப்பிடிக்கிற வகை, எவர்சில்வர் நார் வேலைக்கு ஆகவில்லை), முங்கும் அளவு வினிகர், இரண்டு நாள் ஊறல். நாரைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழி, அதுதான் ஹைட்ரஜன் என்று அவளே எனக்குச் சொல்லித்தந்தாள். ஒரு கண்ணாடி தம்ளரில் கறுப்பு டீ எடுத்து, ஊறிய தண்ணீரை ஒரு ஸ்பூன் விட்டாள். தம்ளருக்குள் பொன்னிறம் அடியிலிருந்து கலைந்து, நாலைந்து கலக்கலில் இரவு மாதிரி ஆகிவிட்டது. தீக்குச்சியால் தொட்டுத் தன் பெயரை எழுதினாள். எழுதும்போது சாம்பல் நிறம், காயக் காயக் கறுப்பு.

அப்புறம் எலுமிச்சை பிழிந்தோம். கறுப்பு விலகி டீ திரும்ப வந்துவிட்டது! வைட்டமின் சி செய்யும் வேலை இதுதானே?

அமிலமழை எழுதியது:

பாதி மதிப்பெண். நிறம் போனது பெரும்பாலும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தால், அது டானினிடமிருந்து இரும்பைப் பிடுங்கிக்கொண்டது. வைட்டமின் சி-க்கும் பங்கு உண்டு. குடலில் நடப்பதும் இந்த மாதிரி இழுபறிதான், ஆனால் இதேதான் அது என்று நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தம்ளரை யாரும் குடித்துவிடாமல் கொட்டிவிடுங்கள்.

கடைசிப்பெஞ்சு எழுதியது:

கொட்டியாயிற்று. மனைவியின் வெள்ளை மேடையில் ரெண்டு சொட்டு மை விழுந்து கறுப்பாக நிற்கிறது. அவர் இன்னும் பார்க்கவில்லை. எதைப் போட்டால் போகும்? மேடை செராமிக்.

ஐஸ்கட்டி எழுதியது:

இவ்வளவு படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்களே. மீதி அரை எலுமிச்சை எங்கே?